படம் எப்போது பொய்யாகிறது? எடுப்பது முதல் வெளியிடுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பெற்றோர் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். நான் தொழில் பழகிய ஸ்டுடியோவுக்கு அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் அடிக்கடி வருவார்கள். கையில் அப்பாவின் பழைய அடையாள அட்டைப் படம் இருக்கும். அம்மாவின் முகமோ ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்தில், மூன்றாவது வரிசையில், பாதி மறைந்து இருக்கும். இரண்டையும் வெட்டி எடுத்து, அம்மாவுக்கு ஒரு பட்டுப் புடவையும் அப்பாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டையும் உடுத்தி, நீலப் பின்னணியில் தோளோடு தோள் சேர்த்து, சட்டம் போட்டுக் கொடுப்போம். அந்த இருவரும் அப்படி அருகருகே நின்றதே இல்லை. ஆனாலும் அந்தப் படத்தைப் பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வாங்கிப்போகும் பிள்ளைக்கும் திதியன்று அதற்கு மாலை போடும் உறவினருக்கும் அது உருவான விதம் தெரியும்.

ஏறக்குறைய அதே வெட்டி ஒட்டும் வேலைக்காக 2003-ல் பிரையன் வால்ஸ்கி என்ற அனுபவமிக்க புகைப்படக்காரர் வேலையை இழந்தார். ஈராக்கின் பஸ்ரா அருகே, பொதுமக்களைக் குனிந்திருக்கும்படி சைகை காட்டும் பிரிட்டிஷ் வீரர் ஒருவரைச் சில நொடி இடைவெளியில் அவர் பலமுறை எடுத்திருந்தார். ஒன்றில் வீரரின் நிலை நன்றாக இருந்தது. இன்னொன்றில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் மனிதர் நன்றாக அமைந்திருந்தார். இரண்டையும் ஒன்றாக்கி அனுப்பினார். மார்ச் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அதை முதல் பக்கத்தில் வெளியிட்டது. பின்னணியில் உட்கார்ந்திருந்த சிலர் இரண்டு முறை தோன்றுவதை வேறொரு நாளிதழின் ஊழியர் கவனித்துவிட்டார். வால்ஸ்கியின் படத்தில் இருந்த ஒவ்வொரு மனிதரும் உண்மையில் அங்கே இருந்தவர்தான். ஆயினும் அந்தக் காட்சி நடக்கவே இல்லை.

கருவியும் செயலும் ஒன்றாக இருக்க, ஒன்று அன்புக்குரிய நினைவாகவும் மற்றொன்று மோசடியாகவும் ஆவதற்கு, பார்ப்பவருக்கு அந்தந்தப் படம் கொடுக்கும் வாக்கு வேறு என்பதே காரணம். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்த வாக்கைப் பற்றியதுதான். செய்திப் படம் எடுப்பவர்களை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதுகிறேன் என்றாலும், கைபேசியில் ஊர்ச் செய்தி பகிர்பவர்களுக்கும் கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

முதற்படி: வாக்கை முடிவு செய்யுங்கள்

கேமராவைக் கையில் எடுக்கும் முன்பே, இந்தப் படத்தைப் பார்ப்பவர் அதை என்னவென்று நம்புவார் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். செய்திப் படமும் ஆவணப் படமும் 'நான் அங்கே நின்றபோது என் முன் இது நடந்தது' என்று சொல்கின்றன. கடவுச்சீட்டுப் படமும் விபத்துக் காப்பீட்டுக்கு அனுப்பும் படமும் இன்னும் கறாரான சான்றுகள். கல்யாண ஆல்பம் 'அன்று இவர்கள் இருந்ததில் அழகான முகம் இது' என்கிறது. விளம்பரப் படத்தில் இட்லியின்மேல் எழும் ஆவி உண்மையான ஆவிதானா என்று யாரும் வழக்குப் போடுவதில்லை. ஆனால் விற்கும் பொருளின் அளவையோ நிறத்தையோ மாற்றிக் காட்டினால் அது ஏமாற்று. கலைப் படைப்புக்கு இந்தக் கட்டுகள் எதுவும் இல்லை, அது கலைப் படைப்பு என்று சொல்லப்படும் வரையில்.

குழப்பம் வருவது ஒரு படம் தன் வீட்டை விட்டு வேறு வீட்டுக்குக் குடிபோகும்போதுதான். 2016-ல் புகழ்பெற்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரியின் கியூபா படம் ஒன்று இத்தாலியக் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, ஒரு கம்பத்தின் துண்டு தவறான இடத்தில், ஒரு மனிதரின் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றதை ஒருவர் கண்டுபிடித்தார். தொடர்ந்து அவருடைய வேறு சில படங்களிலும் ஆட்களும் பொருள்களும் நீக்கப்பட்டிருப்பது வெளிவந்தது. தாம் இப்போது செய்திப் புகைப்படக்காரர் அல்ல, காட்சிவழிக் கதைசொல்லி என்று அவர் விளக்கம் அளித்தார். அந்த விளக்கத்தை அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். பிடிபட்ட பிறகு வாக்கை மாற்றிச் சொல்வதைத்தான் பார்ப்பவர்களால் ஏற்க முடியவில்லை.

இரண்டாம் படி: நடக்கும் இடத்தில் எதையும் நகர்த்தாதீர்கள்

மென்பொருள் வந்த பிறகுதான் படங்கள் பொய் பேசக் கற்றுக்கொண்டன என்று நினைப்பவர்கள் உண்டு. 1855-ல் கிரிமியப் போர்க்களத்தில் ரோஜர் ஃபென்டன் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஒரே பள்ளத்தாக்கை ஒரே இடத்திலிருந்து இரண்டு முறை எடுத்தார். ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் சாலையோரப் பள்ளத்தில் கிடக்கின்றன, சாலை வெறுமையாக இருக்கிறது. மற்றதில் சாலை முழுவதும் குண்டுகள். எது முதலில் எடுக்கப்பட்டது என்ற கேள்வியை ஆவணப்பட இயக்குநர் எர்ரல் மோரிஸ் விடாப்பிடியாகத் துரத்தினார். விடை குண்டுகளில் கிடைக்கவில்லை. சரிவில் கிடந்த சிறு கற்களில் கிடைத்தது. மேடேறி நடந்தவர்களின் காலில் இடறிய கற்கள் கீழ்நோக்கித்தானே உருளும்? அந்தக் கற்கள் குண்டுகள் நிறைந்த படத்தில் சற்றுக் கீழே இருக்கின்றன. ஆகவே வெறும் சாலைதான் முந்தியது. ஃபென்டனோ அவருடன் இருந்தவர்களோ குண்டுகளைப் பரப்பினார்கள் என்ற முடிவை நோக்கித்தான் அது இழுக்கிறது.

1863-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பின் புகைப்படக்காரர் அலெக்ஸாண்டர் கார்ட்னரின் குழுவினர், இறந்து கிடந்த இளம் வீரர் ஒருவரின் உடலைச் சுமார் 40 கஜம் தூக்கிச் சென்று பாறைகளுக்கு இடையே கிடத்தி, அருகே ஒரு துப்பாக்கியையும் சாய்த்துவைத்து, மறைந்திருந்து சுட்டவரின் கடைசி இடம் என்று எடுத்தார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது அப்படியே நம்பப்பட்டது.

காட்டுயிர்ப் படங்களிலும் இதே கதைதான். 2009-ல் காட்டுயிர்ப் புகைப்படத்துக்கான புகழ்பெற்ற லண்டன் போட்டியில் வேலியைத் தாண்டும் ஓநாயின் படம் முதற்பரிசு பெற்றது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்து 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அதே போட்டியில் 2017-ல் பரிசு வாங்கிய எறும்புண்ணிப் படத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. பிரேசில் தேசியப் பூங்காவின் வரவேற்பு மையத்தில் இருந்த பஞ்சடைத்த எறும்புண்ணியும் படத்தில் இருந்ததும் ஒன்றே என்று ஆய்வாளர்கள் சொன்னபின் 2018-ல் அதுவும் தகுதி இழந்தது. இந்த இரண்டு படங்களிலும் குறை சொல்லப்பட்டது கேமராவுக்கு முன்னால் நடந்ததைப் பற்றி. பிறகு நடந்த திருத்தத்தைப் பற்றி அல்ல.

நம் ஊர் நடைமுறைக்கு வருவோம். "சார், மாலையை இன்னொரு தடவை போடுங்க, ஃபிளாஷ் அடிக்கல" என்று மேடையில் கத்தாத புகைப்படக்காரர் யார்? நானும் கத்தியிருக்கிறேன். வரவேற்பு விழாவில், இரண்டு பேரும் கேமராவைப் பார்த்துப் புன்னகைக்கும் படத்தில், இதனால் குடி முழுகிவிடாது. அது எடுப்பதற்காக நின்ற படம் என்பது பார்த்தாலே தெரியும். மறியலில் "கையை உயர்த்தி ஒரு கோஷம் போடுங்க" என்பதும், வெள்ள நிவாரண முகாமில் அழுகை ஓய்ந்த பாட்டியிடம் மீண்டும் கேள்வி கேட்டு அழவைப்பதும் வேறு. நீங்கள் அங்கே வராமல் இருந்திருந்தால் அந்த அசைவு நிகழ்ந்திருக்குமா என்று பாருங்கள். நிகழ்ந்திருக்காது என்றால், ஆள் நின்று கொடுத்த படம் என்று விளக்கத்தில் சொல்லுங்கள். இல்லையேல் அதை எடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: லென்ஸும் நீங்கள் நிற்கும் இடமும்

2020 ஏப்ரலில், கொரோனா இடைவெளியை மக்கள் கடைப்பிடிக்கிறார்களா என்ற சர்ச்சை உலகெங்கும் நடந்தபோது, டென்மார்க்கின் ரிட்சாவ் ஸ்கான்பிக்ஸ் நிறுவனத்தின் இரண்டு புகைப்படக்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கோபன்ஹேகனில் ஒரே இடத்தை, ஒரே கூட்டத்தை, தொலைவிலிருந்து டெலிபோட்டோ லென்ஸிலும் அருகிலிருந்து வைட் ஆங்கிள் லென்ஸிலும் எடுத்து அருகருகே வெளியிட்டார்கள். ஒன்றில் மனிதர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறி நிற்பதுபோல் இருந்தது. மற்றதில் நடுவே தாராளமான இடைவெளி. திருத்தம் ஒரு துளியும் இல்லை. நெடுந்தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் பார்க்கும்போது முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிவதால், இடையில் உள்ள தூரம் கண்ணுக்குச் சுருங்கிவிடுகிறது. கட்சி மாநாட்டுக் கூட்டத்தைப் பெருக்கிக் காட்டவும் சுருக்கிக் காட்டவும் இந்த உத்தி எப்படிப் பயன்படுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். மாவட்ட நாளிதழ் ஒன்றுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கோடையில் ஏரி வறண்டதைப் படமெடுக்க அனுப்பினார்கள். மதகுப் பக்கம் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. வயிறு தரையில் படுமளவுக்குக் குனிந்து, 16 மி.மீ. லென்ஸை வெடிப்பின்மேல் வைத்து எடுத்தேன். முன்னால் இருந்த இரண்டடி வெடிப்பு படத்தின் முக்கால் பங்கை நிரப்பியது. தொடுவானம் வரை பாலைவனம்போல் தோன்றியது. மறுநாள் காலை அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் போன் செய்தார். "படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. நீங்க எடுக்கிறப்ப தென்கரையில ஆடு தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்துச்சே, அதை எங்க காணோம்?" ஏரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தது. என் முதுகுப் பக்கம் இருந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வலுவான படம் ஒன்று கிடைத்ததும், அந்த இடத்திலேயே நிமிர்ந்து நின்று, சாதாரண லென்ஸில், சுற்றி முழுவதையும் காட்டும் இரண்டு மூன்று படங்களை எடுத்துவிடுவேன். அவை அச்சாகாமல் போகலாம். ஆனால் மேசையில் உட்கார்ந்து தேர்வு செய்பவருக்கு, நான் காட்டியதற்கும் அங்கே இருந்ததற்கும் எவ்வளவு தூரம் என்பதை அளக்க அவைதான் அளவுகோல்.

நான்காம் படி: எதிரே இருப்பவர்

உண்மையான படமே தீங்கு செய்யக்கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது. 1993 மார்ச்சில் சூடானில் கெவின் கார்ட்டர் எடுத்த படத்தில், பசியால் சுருண்டு கிடக்கும் குழந்தையின் பின்னால் ஒரு கழுகு காத்திருக்கிறது. நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டதும், குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. 1994-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஜூலையில் கார்ட்டர் தற்கொலை செய்துகொண்டார். அவர் கழுகை விரட்டினார் என்பது பதிவாகியிருக்கிறது. ஆனால் படத்தில் விரட்டுவது இல்லை, காத்திருப்பது மட்டுமே இருக்கிறது. பார்த்தவர்களுக்கு அவரும் இன்னொரு கழுகாகத் தெரிந்தார். இதில் நான் யாருக்கும் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. எடுத்தபின் என்ன செய்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பின், மண்ணில் புதைக்கப்படும் பெயர் தெரியாத குழந்தையின் முகத்தை ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் தனித்தனியே எடுத்தார்கள். மூடாத கண்கள், நெற்றியருகே மண்ணை ஒதுக்கும் ஒரு கை. அதை வெளியிட்டிருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயிரக்கணக்கானோர் இறந்ததை எண்ணிக்கையாக மட்டும் விட்டுவிடாமல் காத்தது அந்த முகம். ஆனால் ஒரு சாலை விபத்துக்கும் அதே அளவுகோலை எடுத்துக்கொண்டு, உடலை மூடிய துணியை விலக்கச் சொல்லி எடுப்பவரை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

சட்டம் சில இடங்களில் உங்கள் மனச்சாட்சிக்கு வேலை வைக்காது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்கிறது; பெயரும் படமும் மட்டுமல்ல, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதுவும் அதில் அடங்கும். சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்ட சிறார்களுக்கும் சாட்சியாக வரும் குழந்தைகளுக்கும் இதே பாதுகாப்பைத் தருகிறது. கண்ணின்மேல் கறுப்புப் பட்டை போட்டுவிட்டால் போதும் என்பது பழைய மூடநம்பிக்கை. பள்ளிச் சீருடை, வீட்டுக் கதவின் நிறம், அருகே நிற்கும் அம்மாவின் முகம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றே ஊர்க்காரர்களுக்குப் போதும். முதுகுப்புறமிருந்து எடுங்கள், அல்லது கையை மட்டும் எடுங்கள், அல்லது கேமராவைப் பையில் வையுங்கள்.

ஐந்தாம் படி: மூலக்கோப்பைக் காப்பாற்றுங்கள்

இது சலிப்பூட்டும் வேலை, ஆனால் ஐந்து நிமிடம்தான். கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பும் வழக்கமான ஜேபெக் கோப்பும் சேர்ந்து பதிவாகும்படி வையுங்கள். திருத்தம் எப்போதும் நகலில் நடக்கட்டும், மூலத்தின்மேல் சேமிக்காதீர்கள். எடுத்ததில் நல்ல படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிக்காதீர்கள், ஏனென்றால் முன்னும் பின்னும் உள்ள படங்கள்தான் உங்கள் சாட்சிகள். 2013-ல் பால் ஹான்சனின் காசா இறுதி ஊர்வலப் படம் உலகப் பத்திரிகைப் புகைப்படப் பரிசு பெற்ற பிறகு, அது பல படங்களை ஒட்டிச் செய்தது என்ற குற்றச்சாட்டு கிளம்பியது. வல்லுநர்கள் ரா கோப்பைச் சோதித்து, நிற அழுத்தம் மாற்றப்பட்டிருக்கிறது, ஆனால் ஒட்டு வேலை இல்லை என்று சொன்னார்கள். கோப்பு இல்லாமல் இருந்திருந்தால் அவர் பேச்சை யார் கேட்டிருப்பார்கள்?

ஆறாம் படி: திருத்த மேசையில்

ஒரு படத்தையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். மனுவை மார்போடு அணைத்தபடி ஒரு பெண் வரிசையில் நிற்கிறார். வலது ஓரத்தில் ஒரு காவலர், சுவரில் சாய்ந்து கைபேசி பார்த்துக்கொண்டிருக்கிறார். இடது மூலையில் இன்னொரு புகைப்படக்காரரின் கேமராப் பை பாதி தெரிகிறது. தரையில் தண்ணீர் பாட்டில். வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து வருவதால் பெண்ணின் முகத்தில் பாதி இருட்டு. ஜன்னல் வழியே தெரியும் வானப் பகுதியில் சென்சார் தூசியின் கறுப்புப் புள்ளி ஒன்று.

முகத்தைச் சற்றுத் தெளிவாக்கலாம். உங்கள் கண் அங்கே பார்த்தபோது அது அவ்வளவு இருட்டாக இல்லை. ட்யூப் லைட்டின் பச்சைச் சாயத்தைக் குறைக்கலாம். தூசிப் புள்ளியைக் குளோன் ஸ்டாம்பால் நீக்கலாம், ஏனென்றால் அது அந்த அறையில் இல்லை, உங்கள் கேமராவுக்குள் இருந்தது. பாட்டில் அறையில் இருந்தது. ஆகவே அது இருக்கட்டும். கேமராப் பையும் அப்படித்தான். 'சின்ன விஷயம்தானே' என்று தோன்றும். நார்சிசோ கான்ட்ரெராஸுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். 2013-ல் சிரியாவில் எடுத்த ஒரு படத்தின் கீழ்மூலையில் இருந்த சக செய்தியாளரின் வீடியோ கேமராவை அழித்து அங்கே மண்ணையும் கல்லையும் நிரப்பினார். அசோசியேட்டட் பிரஸ் அவருடைய ஏறத்தாழ 500 படங்களை ஆராய்ந்து, வேறு எதிலும் மாற்றம் இல்லை என்று கண்டது. இருந்தும் 2014 ஜனவரியில் அவருடனான உறவை முறித்துக்கொண்டது. அந்த ஆண்டுக்கு முந்தைய ஆண்டுதான் அவர் இடம்பெற்ற குழு புலிட்சர் பெற்றிருந்தது. இது மிகையான தண்டனை என்று முன்பு நினைத்தேன். ஒரு மூலையை விட்டுக்கொடுத்தால் வாசகர் ஒவ்வொரு மூலையையும் சந்தேகிப்பார் என்பதால் இப்போது அப்படி நினைப்பதில்லை.

சரி, பையை அழிக்காமல் ஓரத்தை வெட்டிவிடலாமா? வெட்டலாம். ஆனால் க்ராப்தான் இந்த மேசையில் உள்ள மிகக் கூர்மையான கத்தி. இடப்பக்கம் வெட்டினால் பை மட்டுமே போகும். வலப்பக்கம் வெட்டினால் காவலர் போவார். படம் 'அரசு அலுவலகத்தில் காத்திருக்கும் பெண்' என்பதிலிருந்து 'தனித்துத் துயருறும் பெண்' என்று மாறிவிடும். பெண்ணையும் காவலரையும் மட்டும் நெருக்கி வெட்டினால், வரிசையில் நின்ற மற்றவர்கள் மறைந்து, காவலர் அவரைக் கண்டுகொள்ளாமல் இருப்பதுபோன்ற ஒரு குற்றச்சாட்டே உருவாகும். வெட்டியபின், அறையில் இருந்த ஒருவருக்கு இந்தப் படத்தைக் காட்டினால் "ஆமாம், இப்படித்தான் இருந்தது" என்று சொல்வாரா என்று எண்ணிப் பாருங்கள்.

அழுத்தத்தைக் கூட்டுவதிலும் இதே எல்லைதான். பின்னணியை இருட்டாக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் காவலர் நிழலில் கரைந்துவிடுவார். அழிப்பானைத் தொடாமலே அவரை அழித்துவிட்டீர்கள். 2015-ல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் ஏறத்தாழ 20 விழுக்காடு திருத்தத்துக்காக விலக்கப்பட்டன. நிறம் தானே பேசும் இடங்களும் உண்டு. 1994 ஜூனில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தை டைம் இதழ் அட்டையில் கறுப்பாக்கி வெளியிட்டது; அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தைத் திருத்தாமல் போட்டிருந்ததால், கடையில் இரண்டும் அருகருகே தொங்கி டைமைக் காட்டிக்கொடுத்தன. தோலைக் கறுப்பாக்கினால் குற்றவாளியாகத் தெரிவார் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அந்த இதழால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

நாம் இதன் மறுபக்கத்தைச் செய்கிறோம். நெகட்டிவில் பென்சிலால் தழும்பை மறைத்த காலத்திலிருந்தே நம் ஸ்டுடியோக்களில் முகத்தை வெளுப்பாக்குவது, யாரும் கேட்காமலே செய்யப்படும் சேவை. மாநிறப் பெண் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தாலும், முடித்துக் கொடுக்கும்போது இரண்டு படி வெளுத்திருப்பார். அடையாளத்துக்கான படத்தில் அது நேரடியான தவறு. வரன் பார்க்க அனுப்பும் படத்தில் அது இன்னொரு குடும்பத்துக்குச் சொல்லும் பொய். போட்டோவில் இருந்த நிறம் இல்லையே என்று பெண் பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தால், அவமானப்படுவது ஸ்டுடியோக்காரர் அல்ல. கல்யாண ஆல்பத்தில் பருவை நீக்குங்கள், களைப்பைக் குறையுங்கள். நிறத்தையும் முக அமைப்பையும் தொடும் முன் அவரிடம் கேளுங்கள். நான் கேட்கத் தொடங்கியபின், வெளுப்பாக்க வேண்டாம் என்று சொன்ன மணப்பெண்களின் எண்ணிக்கை எனக்கே வியப்பாக இருந்தது.

ஏழாம் படி: படவிளக்கம்

யார், எங்கே, எப்போது, என்ன செய்கிறார்கள், எந்தச் சூழலில், யார் எடுத்தது. இந்த ஆறும் இல்லாத படத்தை வெளியே விடாதீர்கள். விளக்கம் தவறினால் கலப்படமற்ற படமும் பொய்யாகிவிடும். 2015-ல் ஜோவானி ட்ரொய்லோ பெல்ஜியத்தின் ஷார்லெருவா நகரைப் பற்றிய தொடருக்குப் பரிசு பெற்றார். அதில் ஒரு படம் உண்மையில் பிரஸ்ஸல்ஸில் எடுக்கப்பட்டது என்று தெரிந்ததும் பரிசு பறிக்கப்பட்டது. பழைய படத்தைப் பயன்படுத்தினால் 'கோப்புப் படம்' என்று ஆண்டுடன் போடுங்கள். மழைக்காலத்தில் 2015 சென்னை வெள்ளப் படங்கள் இன்று எடுத்தவைபோல் மீண்டும் மீண்டும் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த வெள்ளத்தின்போதே ஒன்று நடந்தது. 2015 டிசம்பர் 3 அன்று, வெள்ளப் பகுதிகளைப் பிரதமர் விமானத்திலிருந்து பார்வையிடும் படத்தை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே தெரிய வேண்டிய மங்கலான காட்சிக்குப் பதிலாக, வீடுகள் பளிச்சென்று தெரியும் வேறொரு படம் ஒட்டப்பட்டிருந்தது. பிரதமர் பார்வையிட்டது உண்மை, வெள்ளம் உண்மை. அடுத்தடுத்து இரண்டு படங்களாகப் போட்டிருந்தால் ஒரு சொல் எழுந்திருக்காது. அலுவலகம் படத்தை நீக்கி, இரண்டு படங்களை இணைத்தது பிழை என்று வருத்தம் தெரிவித்தது.

எட்டாம் படி: இயந்திரம் சேர்ப்பவை

இப்போது நீங்கள் ஒன்றும் செய்யாமலே படம் திருத்தப்படலாம். 2023 மார்ச்சில் ஒருவர், நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, சாம்சங் கைபேசியால் எடுத்துப் பார்த்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் வந்திருந்தன. ஆகவே செய்திக்கோ சான்றுக்கோ கைபேசியில் எடுக்கும்போது, அழகூட்டும் முறை, காட்சியை அறிந்து மேம்படுத்தும் முறை ஆகியவற்றை அமைப்புகளுக்குள் சென்று அணைத்துவிடுங்கள். திருத்தும் செயலியில் 'நிரப்பு', 'நீக்கு' என்று வருபவை எல்லாம், இருந்ததை எடுத்துவிட்டு இல்லாததை ஊகித்து வரைபவை. செய்திப் படத்தில் அவற்றுக்கு இடமில்லை.

2023-ல் போரிஸ் எல்டாக்சன் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படத்துக்கு சோனி உலகப் புகைப்பட விருதில் பரிசு கிடைத்தபோது, இது புகைப்படம் அல்ல என்று சொல்லி அவரே மறுத்துவிட்டார். மறு ஆண்டு மைல்ஸ் ஆஸ்ட்ரே, தலை இல்லாததுபோல் நிற்கும் பூநாரையின் உண்மையான படத்தை வேறொரு போட்டியின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் சேர்த்துப் பரிசு வாங்கிக் காட்டினார். உண்மை தெரிந்ததும் தகுதி நீக்கினார்கள். நடுவர்களின் கண்ணே ஏமாறும் இடத்தில் கண்ணை மட்டும் நம்புவதற்கில்லை. அதனால்தான் எடுத்த கணத்திலேயே படத்துக்குள் கணினிக் கையொப்பம் இட்டு, அதன்பின் நடந்த மாற்றங்களைப் பதியும் சி2பிஏ என்ற பொது ஏற்பாடு உருவாகியிருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த லைக்கா எம்11-பி அதைக் கொண்ட முதல் கேமரா. கையொப்பம் படத்தின் வரலாற்றைச் சொல்லும். முதுகுப் பக்கம் தண்ணீர் இருந்ததைச் சொல்லாது.

ஒன்பதாம் படி: பிறர் எடுத்த படம் கைக்கு வந்தால்

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில், எடுத்த நேரம், கேமரா போன்றவற்றைக் கோப்புக்குள் வைத்திருக்கும் எக்ஸிஃப் தகவல்கள் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். அதை வைத்து எதையும் நிறுவவோ மறுக்கவோ முடியாது. அனுப்பியவரிடம் மூலக்கோப்பையும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் கேளுங்கள். உண்மையில் எடுத்தவரிடம் அவை இருக்கும். மழுப்பினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கூகுள் லென்ஸ், டின்ஐ போன்றவற்றில் படத்தைக் கொண்டு தேடி, இது முதலில் எப்போது தோன்றியது என்று பாருங்கள். பிறகு பெரிதாக்கி ஓரங்களைப் படியுங்கள்: கடைப் பலகையின் மொழி, பேருந்தின் நிறம், வண்டியின் பதிவெண், சுவரொட்டியில் உள்ள தேதி. 'நேற்று நம் மாவட்டத்தில்' என்று வந்த விபத்துப் படம் ஒன்றில், லாரியின் பதிவெண் வேறு மாநிலத்தது, சுவர் விளம்பரம் வேறு எழுத்தில் இருந்தது. இரண்டு நிமிடத்தில் தீர்ந்த விவகாரம் அது.

நிழல்களையும் பாருங்கள். ஒரே வெளிச்சம் உள்ள காட்சியில், நிழலின் முனையிலிருந்து அந்த நிழலைத் தரும் பொருளின் முனைக்குக் கோடு போட்டு நீட்டினால், எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியை நோக்கிப் போக வேண்டும். ஒருவருடைய கோடு மட்டும் விலகினால் அவர் பிறகு வந்தவர். புகை, கூட்டம், இலைகள் ஆகியவற்றில் ஒரே வடிவம் திரும்ப வருகிறதா என்று தேடுங்கள். 2008 ஜூலையில் ஈரான் வெளியிட்ட ஏவுகணைப் படத்தில் நான்கு ஏவுகணைகள் எழுந்தன. நான்காவதன் புழுதி மற்றவற்றின் நகலாக இருந்தது. 2006 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸுக்காக அத்னான் ஹஜ் எடுத்த பெய்ரூட் படத்திலும் புகைச் சுருள்கள்தான் காட்டிக்கொடுத்தன. 2024 மார்ச்சில் வேல்ஸ் இளவரசி கேத்தரினின் குடும்பப் படத்தைச் செய்தி நிறுவனங்கள் திரும்பப் பெற்றதற்குக் காரணம், மகளின் சட்டைக் கை ஓரத்தில் தெரிந்த ஒரு சிறு பிசகு.

பத்தாம் படி: தவறிவிட்டால்

படத்தை ஓசையில்லாமல் நீக்கிவிடுவது திருத்தம் ஆகாது; பார்த்தவர்கள் நினைவில் அது அப்படியேதான் இருக்கும். எது தவறு, யார் செய்தது, உண்மையில் என்ன இருந்தது என்பதை அதே இடத்தில், அதே அளவில் சொல்லுங்கள். ஹஜ் விவகாரத்தில் ராய்ட்டர்ஸ் அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. அதற்கு முன் அந்தப் படத்தை வாங்கி அச்சிட்ட இதழ்களுக்கும் தகவல் போனது. நீங்கள் குழுவில் பகிர்ந்திருந்தால், அதே குழுவில், அதே படத்தைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள். உங்களிடமிருந்து அதை முன்னனுப்பியவர்களுக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

ஏரி விஷயத்தில் நானும் அப்படித்தான் செய்ய வேண்டியதாயிற்று. ஆசிரியரிடம் கரைமேல் நின்று எடுத்த முழுப் படம் இல்லை என்று ஒப்புக்கொண்டு, மறுநாள் விடியற்காலை மீண்டும் போய், கரையில் நின்று, தண்ணீரும் வெடிப்பும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து வந்தேன். தென்கரையில் அன்றும் ஓர் ஆடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. முந்தைய படம் ஏரியின் வறண்ட பகுதியை மட்டும் காட்டியது என்ற குறிப்புடன், 'தகவல் தந்த விவசாயியின் ஆடு தென்கரையில் நீர் அருந்துகிறது' என்று விளக்கம் எழுதினேன். படம் வந்த அன்று பெரியவரிடமிருந்து மறுபடியும் போன். "இப்ப ஏரி சரியா இருக்கு தம்பி. ஆனா அது என் ஆடு இல்ல. பக்கத்துத் தோட்டத்துக்காரரோடது."

அதற்கும் ஒரு திருத்தம் போட்டோம்.